ரயில் நின்றுபோன ஊர்!



சிதம்பரத்தில் ரயில் ஏறித் தெற்கே போனால், சீர்காழி, வைத்தீஸ்வரன்கோவிலைத் தாண்டியதும் மயிலாடுதுறை ஜங்ஷன் வரும். அங்கிருந்து கடற்கரைப் பக்கமாக ஒரு கிளைப் பாதை இருந்தது, தெரியுமா?

1926-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட மீட்டர் கேஜ் பாதை அது. நீளம் சுமார் 30 கிலோ மீட்டர்தான். செம்பனார்கோவில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையார் என்று ஒவ்வோர் ஊராக நின்று, கடைசியில் தரங்கம்பாடிக்குப் போய்ச் சேரும் ரயில்.

தரங்கம்பாடி என்றதும் உங்களுக்குக் கோட்டை நினைவுக்கு வரும். டென்மார்க் நாட்டவர் 1620-இல் கட்டத் தொடங்கிய கோட்டை. 1706-இல் வந்து இறங்கி, தமிழ் நூல்களை அச்சிட்ட சீகன்பால்குவையும் படித்திருப்பீர்கள். ஆனால், அந்த ஊருக்கு ஒரு ரயில் நிலையம் இருந்ததைப் பலரும் மறந்துவிட்டார்கள்.

60 ஆண்டுகள் ஓடிய ரயில் 1986-இல் நிறுத்தப்பட்டது. என்ன காரணம்? பஸ்கள் பெருகின. ரயில் நிலையம் வரை நடக்காமல், தெருமுனையிலேயே ஏறிக்கொள்ள முடிந்தது. ரயிலில் கூட்டம் குறைந்தது. வரவைவிடச் செலவு அதிகம் என்று பாதையை மூடிவிட்டார்கள். பொது வசதி எதுவாக இருந்தாலும், நாம் பயன்படுத்தும் வரைதான் அது நம்மோடு இருக்கும். உங்கள் ஊர் நூலகத்துக்கும் இது பொருந்தும்!

போனது போனதுதானா? அப்படியும் இல்லை. பக்கத்தில் உள்ள காரைக்காலுக்குப் பேரளத்திலிருந்து 1898 முதல் ரயில் ஓடியது. அதுவும் 1987-இல் நின்றது. அங்கே மறுபடியும் அகலப் பாதை போடப்பட்டு, 2025-இல் சோதனை ஓட்டமும் நடந்தது. ரயிலை மறக்காமல் கேட்டுக்கொண்டே இருந்த மக்களுக்குக் கிடைத்த வெற்றி அது. தரங்கம்பாடிப் பக்கத்து மக்களும் தங்கள் ரயிலைக் கேட்டு வருகிறார்கள்.

கோட்டை கட்டியவர்களின் கதையை எழுதப் பலர் இருக்கிறார்கள். மூட்டையும் கூடையுமாக ரயில் ஏறிய நம் தாத்தா பாட்டிகளின் கதையை யார் எழுதுவது? நீங்கள்தான்!

1986-இல் உங்கள் வயதில் இருந்தவர்களுக்கு இப்போது ஐம்பது வயது ஆகியிருக்கும். அவர்களிடம் இப்போதே கேட்டால்தான் உண்டு. உங்கள் ஊரிலும் மூடிய ரயில் நிலையமோ, பழைய சந்தையோ, சினிமாக் கொட்டகையோ இருந்திருக்கும். எப்போது வந்தது, யார் யார் வந்தார்கள், கட்டணம் எவ்வளவு, ஏன் மூடினார்கள் என்று கேளுங்கள். சொன்னவர் பெயர், கேட்ட தேதியுடன் நோட்டில் எழுதுங்கள். இருவர் வேறு வேறாகச் சொன்னால், இரண்டையும் எழுதுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமையே ஆரம்பித்து விடலாமா, குட்டீஸ்?