பட்ஜர் மயிரும் பரம்பரைப் பெருமையும்

முதன்முதலாகச் சவரப் பிறஷ் வாங்கப்போகும் இளைஞன் எவனும் பட்ஜர் மயிரில் செய்ததை வாங்கக் கூடாது என்பது என் கட்சி. இதனை உறவினரிடையே மென்மையாகச் சொல்லிப் பார்த்தேன்; பலிக்கவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

ஆண்டுதோறும் நல்லூர்த் திருவிழாக் காலத்தில் ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் உரும்பிராய்க்கு வரும் மருமக்கள் சிலர், அண்மைக் காலமாகத் தோற்பையொன்றைத் தூக்கி வருகிறார்கள். உள்ளே கனத்த உலோகப் பிடியுள்ள றேசர், மரக்கிண்ணத்தில் வட்டச் சவர்க்காரம், பளபளக்கும் பிடியில் ஒரு பிறஷ். இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் "பாரம்பரியச் சவரம்". கிணற்றடியில் நடக்கும் இந்தப் பூசையைப் பார்த்து, உழைக்கத் தொடங்காத நம்மூர்ப் பிள்ளைகளும் அதே பிறஷுக்கு ஆசைப்படுகிறார்கள். லண்டனில் 100 பவுணுக்கு மேல் விலைபோகும் பட்ஜர் பிறஷ்கள் பல உண்டு. இலங்கைக் காசில் அது ஏறக்குறைய 40,000 ரூபாய். தோட்டத்தில் வெங்காயம் கிண்டி அந்தக் காசைக் காண ஒரு தகப்பன் எத்தனை நாள் குனிய வேண்டும் என்று செம்மண்ணில் நின்றவர்களுக்குத் தெரியும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். நான் பிறஷுக்கு எதிரி அல்லன், பிறஷின் பக்கத்தவன். பேணியை அமுக்கினால் நுரை பீறும் முறை அமெரிக்காவில் 1949 அளவில் சந்தைக்கு வந்தது. இரட்டைத் தகடு வைத்த றேசரை ஜில்லெட் நிறுவனம் 1971 இல் விற்கத் தொடங்கியது. 1998 இல் தகடு மூன்றாயிற்று, 2006 இல் ஐந்தாயிற்று. தகடு கூடக் கூட விலை கூடியது. அதற்கேற்ப முகத்தின் நலம் கூடியதாக நான் காணவில்லை. முதல் தகடு மயிரைச் சற்று இழுக்க, அடுத்தது தோலுக்குக் கீழே வெட்ட, சுருள்மயிர் உள்ள நம்மவர் பலருக்கு அந்த மயிர் உள்ளே வளைந்து வளர்ந்து கழுத்தெல்லாம் பருவாகிறது. ஒற்றைத் தகடும் பிறஷும் இந்தத் தொல்லையைப் பெருமளவு குறைக்கும். பிறஷ் செய்வது மூன்று வேலை: மயிரை நனைத்து மெதுவாக்குகிறது, படுத்திருக்கும் மயிரை எழுப்புகிறது, சிறு துண்டுச் சவர்க்காரத்தைக் கட்டியான நுரையாக்குகிறது. மூன்றாவதன் அருமை எங்கள் தலைமுறைக்குத் தெரியும். 1990 இல் யுத்தம் மீண்டும் மூண்டபின் குடாநாடு பொருளாதாரத் தடைக்குள் அகப்பட்டிருந்த ஆண்டுகளில் சவர்க்காரம் அரும்பொருள். பனம்பழக் களியால் துணி தோய்த்த காலம் அது. தேய்ந்துபோன சவர்க்காரத் துண்டைச் சிரட்டையில் ஒட்டவைத்து, பழைய பிறஷால் உரசி, மாதக்கணக்கில் முகம் மழித்தோம். அந்தப் பிறஷ்களில் பட்ஜர் எதுவும் இருக்கவில்லை.

ஆகவே என் வழக்கு பிறஷோடு அன்று. பட்ஜரோடும், அதன்மேல் ஒட்டி விற்கப்படும் "பாரம்பரியம்" என்ற சொல்லோடும்.

யாருடைய பாரம்பரியம் இது? நம் ஊர்களில் நாவிதர் அடைப்பத்தோடு வீடு தேடி வந்த காலத்தில் பிறஷ் கிடையாது. ஒரு கிண்ணித் தண்ணீர், அவருடைய விரல்கள், தீட்டிய கத்தி, இவ்வளவுதான். தண்ணீரைத் தொட்டுத் தொட்டுத் தாடையைத் தேய்த்து இளக்கிய பின் கத்தியை வைப்பார். பிறஷும் சவர்க்கார நுரையும் வெள்ளைக்காரனோடு வந்தவை. வந்தது குற்றமன்று, மிளகாயும் அப்படித்தான் வந்தது. வந்ததை வந்ததென்று சொல்லாமல் முப்பாட்டன் சொத்தென்று விற்பதுதான் குற்றம்.

பிறஷ் பற்றிப் பேச வந்த இடத்தில் சாதி எதற்கு என்று சிலர் கேட்பார்கள். பாரம்பரியம் என்ற சொல்லை இங்கே கொண்டுவந்தவன் நானல்லன். அது வந்தால் கூடவே முழுக் கணக்கும் வர வேண்டும். யாழ்ப்பாணத்தில் நாவிதரின் கை குடிமைத் தொழிலுக்குள் கட்டப்பட்டிருந்த கை. உயர்சாதி எனப்பட்டோரின் வீட்டு முற்றத்தில் நின்று மழித்தார், அறுவடைக்கு நெல் வாங்கினார், வீட்டுக்குள் ஏறவில்லை. அதே கை பஞ்சமர் என்று ஒதுக்கப்பட்டவர்களின் முகத்தைத் தொடவும் விடப்படவில்லை. சலூன்கள் வந்த பின்பும் அந்தக் கதிரை எல்லோருக்கும் உரியதாகிவிடவில்லை. 1957 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம், சாதி காரணமாகக் கடைகளிலும் சலூன்களிலும் ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்கியது. சட்டம் போட வேண்டிய அளவுக்கு அந்தக் கதிரைக்குக் காவல் இருந்தது. சட்டம் வந்தும், 1968 இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் மக்கள் போராட வேண்டியிருந்ததை இந்தத் தலைமுறை அறிய வேண்டும். "எங்கள் பாட்டனார் காலச் சவரம்" என்று பெருமூச்சு விடுபவர், எந்தப் பாட்டனார், எந்தக் கதிரை என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

இனி மயிருக்கு வருவோம்.

பட்ஜர் என்பது நிலத்தில் வளை தோண்டி வாழும் விலங்கு. அதன் மயிர் மென்மையானது, தண்ணீரை நன்றாகப் பிடித்து வைப்பது. இதை மறுக்க மாட்டேன். ஆனால் வாங்குபவன் கொடுக்கும் விலையில் பெரும்பங்கு பெயருக்குப் போகிறது. "பியூர்", "பெஸ்ட்", "சுப்பர்", "சில்வர்ரிப்" என்று தரம் பிரிக்கிறார்கள். "பியூர்" என்றால் தூயது, ஆகவே உயர்ந்தது என்று நினைத்தால் ஏமாந்தீர்கள்; அதுதான் வரிசையில் கடைசி. இந்தப் பெயர்களுக்குப் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது. ஒரு நிறுவனத்தின் "சுப்பர்" இன்னொன்றின் "பெஸ்ட்" ஆக இருக்கலாம்.

"இங்கிலாந்தில் கையால் செய்தது" என்று பெட்டியில் எழுதியிருக்கும். கை இங்கிலாந்தினுடையதாக இருக்கலாம். மயிர் பெரும்பாலும் சீனாவினுடையது. பிரித்தானியாவில் 1992 ஆம் ஆண்டுச் சட்டமொன்று பட்ஜரைக் கொல்வதையும் துன்புறுத்துவதையும் தடுக்கிறது. தன் நாட்டு விலங்கைச் சட்டம் போட்டுக் காத்துக்கொண்டு, பிறநாட்டு விலங்கின் மயிரைப் பிடியில் ஒட்டி விற்பது என்ன நாகரிகம்? சீனாவில் பட்ஜர்களைச் சிறு கூடுகளில் அடைத்து அடித்துக் கொல்வதைக் காட்டும் காணொளிகளைப் பீட்டா அமைப்பின் ஆசியக் கிளை 2018 இல் வெளியிட்டது. அதன்பின் பெயர்பெற்ற நிறுவனங்கள் சில அந்த மயிரைக் கைவிட்டன. கைவிடாதவை இன்னும் "பாரம்பரியம்" என்கின்றன.

பட்ஜர் மோகத்தின் பழைய கதையொன்றும் உண்டு. முதலாம் உலகப் போரின்போது பட்ஜர் மயிர் வரத்துத் தடைப்பட, குதிரை மயிரைப் பட்ஜர்போல் தோன்றச் செய்து விற்றார்கள். சரியாகக் கிருமி நீக்காத அந்த மயிரோடு, கால்நடைகளுக்கு வரும் அடைப்பான் நோயும் கப்பலேறியது. ஆந்திராக்ஸ் என்று இன்று பலரும் அறிந்த நோய் அதுவே. அமெரிக்க, பிரித்தானியப் படைவீரரும் பொதுமக்களுமாக இருநூறுக்கு மேற்பட்டோர் முகத்திலும் கழுத்திலும் அந்நோய் கண்டார்கள், பலர் இறந்தார்கள். 1920 இல் பிரித்தானியா ஜப்பானியச் சவரப் பிறஷ்களின் இறக்குமதியையே தடைசெய்தது. இன்று முறையாகக் கிருமி நீக்கப்பட்ட மயிரில் அந்த அச்சம் வேண்டியதில்லை. ஆனால் ஏலத்தில் நூறாண்டுப் பிறஷ் எடுத்து முகத்தில் தேய்க்கும் பழம்பொருட் பிரியர்கள் இந்தக் கதையை ஒருமுறை வாசிப்பது நல்லது.

அப்படியானால் பன்றி மயிரா? விலை மலிவு, விறைப்பு அதிகம், மயிரை எழுப்புவதில் வல்லது. ஆனால் பாவிக்குமுன் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். நுனி பிளந்து இளகச் சில வாரங்கள் செல்லும். நாவலர் பிறந்த மண்ணில், மச்சம் தொடாத சைவப் பெரியவர் பலர் விடிகாலையில் பன்றி மயிரால் முகத்தைத் தேய்த்து மழித்துவிட்டு, அதே நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு கருணாகரப் பிள்ளையாரிடம் போயிருக்கிறார்கள். பிள்ளையார் கோபித்ததாகத் தெரியவில்லை. ஆயினும் எதைப் பூசுகிறோம் என்று தெரிந்து பூசுவது நல்லது. நம் முஸ்லிம் சகோதரர்கள் பெட்டியில் எழுதியிருப்பதைக் கட்டாயம் வாசிக்க வேண்டும். குதிரை மயிர் பிடரியிலும் வாலிலும் வெட்டி எடுப்பது. அதற்காக விலங்கைக் கொல்ல வேண்டியதில்லை. மென்மையில் இரண்டுக்கும் இடைப்பட்டது.

என் தேர்வு செயற்கை இழை. "பிளாஸ்ரிக்கா?" என்று முகம் சுளிப்பவர்கள் தங்கள் பற்தூரிகையை எடுத்துப் பார்க்கட்டும். 1938 இல் நைலோன் இழை வரும்வரை பற்தூரிகைகளில் பன்றி மயிரே பெருவழக்கு. வாய்க்குள் ஏற்றுக்கொண்ட மாற்றத்தைக் கன்னத்தில் மறுப்பதற்கு நியாயம் என்ன? பழைய செயற்கைப் பிறஷ் கரடுமுரடானது என்பது உண்மை. இன்றைய மெல்லிய இழைகள் பட்ஜரின் மென்மையை நெருங்கிவிட்டன. ஊறவைக்கத் தேவையில்லை, நாற்றமில்லை, மயிர் உதிர்வது மிகக் குறைவு. எல்லாவற்றுக்கும் மேலாக விரைவில் காய்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் துவாய்கூடக் காயாத நம் வீடுகளில், விலங்கு மயிரின் அடிக்கட்டில் பூஞ்சணம் பிடிக்க அதிக நாள் வேண்டாம். லண்டனின் சூடேற்றிய குளியலறைக்குச் சொன்ன வைத்தியம் உரும்பிராய்க் கிணற்றடிக்குப் பொருந்தாது.

கிணறு என்றதும் இன்னொன்று. யூரியூப் வாத்தியார் காட்டும் வெண்ணெய் நுரை தனக்கு வரவில்லை என்று ஒரு தம்பி பிறஷைக் குறை சொன்னான். குறை பிறஷில் இல்லை. குடாநாடு சுண்ணாம்புக் கல்லின்மேல் கிடக்கிறது. எங்கள் கிணறுகளில் ஊறுவது கல்சியம் கரைந்த வன்னீர். அது சவர்க்காரத்தோடு கூடி நுரைக்குப் பதில் வெள்ளைப் படிவைத் தருகிறது. 40,000 ரூபாய்ப் பிறஷும் இந்த இரசாயனத்தை வெல்லாது. கொஞ்சம் மழைத்தண்ணீர் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். இல்லையேல் சவர்க்காரத்தைச் சற்றுக் கூடுதலாக எடுங்கள். மாதம் ஒருமுறை வினாகிரி கலந்த நீரில் பிறஷைச் சில நிமிடம் அலசினால் படிவு போய்விடும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை சிலவே. இழைக்கட்டின் அடி விட்டம் 22 முதல் 24 மில்லிமீற்றர், பிடிக்கு மேல் இழையின் உயரம் ஏறத்தாழ 50 மில்லிமீற்றர் இருந்தால் சாதாரண முகத்துக்குப் போதும். உள்ளங்கையில் அழுத்திப் பாருங்கள்: குத்தக் கூடாது, துவண்டு விழவும் கூடாது, விட்டதும் நிமிர வேண்டும். பிடி ஈரக்கையில் வழுக்கக் கூடாது. முதற்பிறஷுக்கு ஒரு சலூன் சவரத்தின் விலையைப்போல் சில மடங்குக்கு மேல் கொடுக்காதீர்கள். மழித்த பின் அலசி, உதறி, காற்றோட்டத்தில் வையுங்கள். பெட்டிக்குள் மூடாதீர்கள். அண்ணன் தம்பி ஆனாலும் பிறஷையும் தகட்டையும் பகிராதீர்கள்; கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் போதும், ஒருவர் இரத்தத்தில் உள்ள கிருமி மற்றவருக்குப் போக.

பிறஷ் வாங்கிவிட்டால் சவரம் தெரிந்துவிடாது. மயிர் எந்தப் பக்கம் படிந்திருக்கிறது, தாடை வளைவில் தோலை எப்படி இழுத்துப் பிடிப்பது, தகட்டை என்ன சாய்வில் வைப்பது என்பவற்றை அறிந்தவர் சந்தியில் சலூன் வைத்திருக்கிறார். ஆயிரம் முகம் கண்ட கை அது. கடல் தாண்டிய நிறுவனங்களிடம் 40,000 ரூபாய்க்குப் பாரம்பரியம் வாங்கத் தயாராக இருக்கும் நம்மவர் பலர், அந்தக் கைக்குரியவரின் தொழிற்பெயரை இன்னும் வசைச்சொல்லாகவே வைத்திருக்கிறார்கள். ஆகவே தம்பிமாரே, மலிவான பிறஷாக ஒன்றை வாங்குங்கள். மிச்சக் காசில் ஒரு பங்கோடு சந்திக்குப் போய், அவரிடம் "அண்ணை, இதைக் காட்டித் தாங்கோ" என்று கேளுங்கள். கேட்டதற்கு உரிய கூலியையும் கொடுங்கள்.