டிவியை மாத்தாதீங்க, மூளையை மாத்துங்க

உங்க வீட்டு ஹால்ல இருக்கிற ஸ்மார்ட் டிவிக்கு இப்போ என்ன வயசு? அஞ்சு? ஆறு? யூடியூப் ஐகானை அமுக்கிட்டு, அப்பா அரை டம்ளர் காபி குடிச்சு முடிக்கிற வரைக்கும் அந்த வட்டம் சுத்திக்கிட்டே இருக்கா? ஏதாவது ஒரு ஓடிடி ஆப், இனி இந்த டிவியில் வேலை செய்யாது என்று சொல்லிவிட்டதா? அடுத்து வீட்டில் என்ன பேச்சு வரும் என்பது நமக்குத் தெரியும். "தீபாவளி ஆஃபர்ல புதுசா ஒண்ணு எடுத்துடலாம்."

இன்ஜினியரிங் படிக்கிற பிள்ளை இருக்கிற வீட்டில் அந்தப் பேச்சை அப்படியே விடக் கூடாது என்பதுதான் என் கருத்து. புது டிவி வேண்டாம். ஒரு பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரை வாங்கி, அதே டிவியோடு இணைத்து, ஹோம் தியேட்டர் பிசி ஆக்குங்கள். ஏன், எப்படி, யாருக்கு இது சரிப்படாது என்று மூன்றையும் சொல்கிறேன்.

டிவிக்குள் இரண்டு பொருள் இருக்கு

ஸ்மார்ட் டிவி என்பது ஒரு பொருள் இல்லை, இரண்டு. ஒன்று பேனல், அதாவது திரை. இன்னொன்று அதற்குப் பின்னால் ஒட்டியிருக்கும் ஒரு சின்ன கம்ப்யூட்டர். நல்ல பேனல் பத்து வருஷம் சாதாரணமாக ஓடும். அந்தக் கம்ப்யூட்டர் ஓடாது. பல பட்ஜெட் டிவிகளில் ரேம் 1 ஜிபி, ஸ்டோரேஜ் 8 ஜிபி. ஆப்கள் வருஷா வருஷம் பெருக்கின்றன, ரேம் பெருக்காது. போர்டில் சால்டர் செய்த ரேமை நாம் மாற்றவும் முடியாது. கம்பெனி அப்டேட்டை நிறுத்திய அன்றே அதன் முதுமை தொடங்கிவிடுகிறது.

ஆக நாம் தூக்கிப் போடுவது நல்லாயிருக்கிற 43 இன்ச் திரையை. காரணம், அதன் முதுகில் இருக்கிற 1 ஜிபி ரேம். டயர் பஞ்சர் ஆனதற்கு வண்டியையே எடைக்குப் போடுகிற மாதிரி.

திரையையும் மூளையையும் பிரித்துவிட்டால், எது கெட்டதோ அதை மட்டும் மாற்றினால் போதும். நான் சொல்ல வருவது இது ஒன்றுதான். மீதி எல்லாம் செயல்முறை.

இப்போ ஏன் நல்ல நேரம்?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் பொதுவாக 8-ஆம் தலைமுறை ப்ராசஸராவது வேண்டும். விளைவு, நன்றாக ஓடிக்கொண்டிருந்த 6, 7-ஆம் தலைமுறை ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் செகண்ட் ஹேண்ட் கடைகளுக்கு வருகின்றன. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு நடை நடந்தால் பார்க்கலாம். நமக்கு விண்டோஸ் தேவையில்லை, லினக்ஸ் போதும். அவர்களுக்குக் காலாவதியான பெட்டி நமக்குப் புதுசு.

ஆனால் கடைக்குப் போகும் முன் பரணைப் பாருங்கள். 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த இலவச லேப்டாப் நம்மில் பல பேர் வீட்டில் அக்கா, அண்ணன் பேரில் தூங்கிக்கொண்டிருக்கிறது. திரை உடைந்திருக்கலாம், பேட்டரி செத்திருக்கலாம். எச்டிஎம்ஐ போர்ட் இருந்து, ஒரு எஸ்எஸ்டி மாட்ட முடிந்தால், சாதாரண ஃபுல் எச்டி படத்துக்கு அதுவே முயற்சி செய்து பார்க்கத் தகுந்தது. ஒரே எச்சரிக்கை: பேட்டரி உப்பியிருந்தால் முதலில் அதைக் கழற்றி இ-வேஸ்ட் எடுப்பவரிடம் கொடுங்கள். அதைக் குத்தவோ குப்பையில் போடவோ வேண்டாம்.

எதை வாங்குவது?

பெரிய டவர் வேண்டாம். ஆபீஸ்களில் மானிட்டருக்குப் பின்னால் மாட்டிவைக்கும் மினி பிசிதான் ஹாலுக்கு ஏற்றது. ஒரு தடிமனான நோட்டுப் புத்தகம் அளவுதான் இருக்கும். டெல் ஆப்டிபிளெக்ஸ் 7050 மைக்ரோ, லெனோவோ திங்க்சென்டர் எம்710க்யூ டைனி, எச்பி எலைட்டெஸ்க் 800 ஜி3 மினி, மூன்றுமே இந்த ரகம்.

ப்ராசஸர் பெயரைப் படிக்கக் கத்துக்கோங்க. ஐ5-7500டி என்றால், கோட்டுக்கு அடுத்த 7 தலைமுறையைச் சொல்கிறது. கடைசி 'டி' என்பது குறைந்த மின்சாரம் எடுக்கும் 35 வாட் ரகம். ஐ3 போதும், ஐ7 வீண். முக்கியம் தலைமுறைதான். ஏன் 7?

வீடியோ என்பது சுருக்கிய தரவு. அதை விரிக்கும் வேலையை ப்ராசஸர் முழுக்க மென்பொருளில் செய்தால் சூடாகி, ஃபேன் கத்தி, படம் திக்கும். அதற்கென்றே தனிச் சுற்று சிப்புக்குள் இருந்தால் வேலை அலுங்காமல் முடியும். 6-ஆம் தலைமுறையில் எச்.264-ம், 8-பிட் எச்இவிசியும் நன்றாக ஓடும். 10-பிட் எச்இவிசி, விபி9 இரண்டையும் முழுமையாக ஹார்டுவேரிலேயே விரிப்பது 7-ஆம் தலைமுறையிலிருந்துதான். யூடியூபின் 4கே வீடியோக்கள் விபி9, ஏவி1 வடிவங்களில் வருவதால் இது பெரிய வித்தியாசம். ஏவி1-க்கு 11-ஆம் தலைமுறை வேண்டும், அது நம் பட்ஜெட்டில் இல்லை. ஃபுல் எச்டி டிவிதான் என்றால் 6-ஆம் தலைமுறையே போதும், அடிச்சுப் பேசி வாங்குங்க.

ரேம் 8 ஜிபி, எஸ்எஸ்டி 256 ஜிபி. கடையில் நின்று பார்க்க வேண்டியவை:

1. பயாஸ் பாஸ்வேர்டு. ஆபீஸிலிருந்து வந்த மெஷினில் பூட்டு அப்படியே இருக்கலாம். ஆன் செய்து, செட்டிங்ஸுக்குள் போக முடிகிறதா என்று பார்த்த பிறகே காசு.
2. அடாப்டர். ஒரிஜினல் அடாப்டரோடு கேளுங்கள். டெல் மெஷின்கள் அடாப்டரை அடையாளம் தெரியாவிட்டால் ப்ராசஸர் வேகத்தையே குறைத்துவிடும்.
3. போர்ட். சிலவற்றில் எச்டிஎம்ஐ இருக்காது, டிஸ்ப்ளேபோர்ட் மட்டும்தான். இருந்தாலும் இந்தத் தலைமுறைகளில் பொதுவாக அது எச்டிஎம்ஐ 1.4 என்பதால் 4கே-யில் 30 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். 4கே டிவி என்றால் டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐ 2.0-க்கு மாற்றும் ஆக்டிவ் அடாப்டர் வாங்குங்கள்.
4. வைஃபை. கார்டும் ஆன்டெனாவும் இருக்கிறதா? இல்லையென்றாலும் கவலையில்லை, ரவுட்டரிலிருந்து ஒரு லேன் கேபிள் இழுத்தால் அதுதான் இன்னும் நல்லது.

விலைப்பட்டியல் தரவில்லை. கடைக்குக் கடை, வாரத்துக்கு வாரம் மாறும். ஒரு விதி மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: கேபிள், கீபோர்டு எல்லாம் சேர்த்து மொத்தச் செலவு அதே அளவு புது டிவி விலையில் பாதியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் விட்டுடுங்க.

அம்மா டெஸ்ட்

லினக்ஸ் மின்ட் போடுங்கள், அதற்குள் கோடி, ஒரு பிரௌசர். லிப்ரெஎலெக் போட்டால் நேராகக் கோடியிலேயே திறக்கும், ஆனால் அதில் சாதாரண பிரௌசர் இல்லாததால் ஓடிடி பார்க்கிற வீட்டுக்குச் சரிவராது. இதுவரைக்கும் நம்ம ஆளுங்க எல்லாரும் ஆர்வமாகச் செய்துவிடுவார்கள். தோற்பது அடுத்த கட்டத்தில்தான்.

ஹாலில் இருக்கிற பொருள் ஹாலில் இருக்கிறவர்களுக்கு வேலை செய்ய வேண்டும். நீங்கள் ஹாஸ்டலுக்குப் போன பிறகு அம்மா தனியாக அதை ஆன் செய்து, தனக்கு வேண்டியதைப் பார்த்து, ஆஃப் செய்ய முடிந்தால்தான் உங்கள் ப்ராஜெக்ட் பாஸ். இல்லையென்றால் அரியர்.

அதற்குச் சில வழிகள். பயாஸில், மின்சாரம் போய் வந்ததும் தானாக ஆன் ஆகும்படி ஒரு செட்டிங் உண்டு. அதை வைத்துவிட்டால் சுவர் ஸ்விட்சைப் போட்டாலே டிவியும் பிசியும் சேர்ந்து எழும். பாஸ்வேர்டு கேட்காமல் உள்ளே போகட்டும், கோடி தானே திறக்கட்டும். பவர் பட்டனை ஒரு முறை அமுக்கினால் முறையாக ஷட்டவுன் ஆகும்படி வையுங்கள். டச்பேட் உள்ள சின்ன வயர்லெஸ் கீபோர்டு ஒன்று, கூடவே அம்மா போனில் கோடியின் ரிமோட் ஆப்பான கோரே. எந்தப் படத்துக்கும் மூன்று அமுக்கலுக்கு மேல் ஆகக் கூடாது. எழுத்துகளைப் பெரிதாக்குங்கள், தாத்தா சோபாவிலிருந்து படிக்க வேண்டும்.

இன்னொரு செட்டிங் பலருக்குத் தெரியாது. சினிமா நொடிக்கு 24 ஃப்ரேம், டிவி 60 ஹெர்ட்ஸ். 60-ஐ 24 மீதியில்லாமல் வகுக்காது. அதனால் ஒரு ஃப்ரேம் இரண்டு தடவை, அடுத்தது மூன்று தடவை என்று திரையில் வரும். கேமரா மெதுவாக நகரும் காட்சிகளில் படம் லேசாகத் தத்தித் தத்திப் போவது இதனால்தான். கோடியில் 'அட்ஜஸ்ட் டிஸ்ப்ளே ரெஃப்ரெஷ் ரேட்' என்பதை ஆன் செய்தால், டிவி ஏற்கும் பட்சத்தில் அதுவும் 24-க்கு மாறிவிடும். சிக்னல்ஸ் பேப்பரில் படித்த சாம்ப்ளிங் ரேட் விஷயம் ஹாலில் கண்ணுக்கு முன்னால் நிற்கும்.

சத்தத்தையும் மறக்காதீர்கள். காசு மிச்சம் இருந்தால் படத்துக்கு அல்ல, ஒலிக்குச் செலவு செய்யுங்கள். பழைய டிவிடி ஹோம் தியேட்டர் செட் பரணில் இருந்தால், அதன் ஆக்ஸ் இன்புட்டில் ஒரு கேபிள் போதும். வசனம் கேட்காமல் பாட்டு மட்டும் அலறுகிறதா? படத்தில் ஆறு சேனல், வசனம் பெரும்பாலும் நடு சேனலில். உங்களிடம் இருப்பது இரண்டு ஸ்பீக்கர். கோடியின் ஆடியோ செட்டிங்கில் 2.0 என்று சொல்லிவிட்டால், நடு சேனலை இரண்டிலும் கலந்து கொடுக்கும்.

"ஒரு ஸ்டிக் வாங்கினா முடிஞ்சு போச்சே?"

நியாயமான கேள்வி. உங்கள் வீட்டில் பார்ப்பது இரண்டு ஓடிடி மட்டும்தான் என்றால், ஆமாம், ஸ்டிக் வாங்குங்கள். விலை குறைவு, ரிமோட் எளிது. காப்புரிமைப் பூட்டு காரணமாக ஓடிடிகள் பிரௌசருக்குப் பெரும்பாலும் 4கே தருவதில்லை, லினக்ஸில் தரம் இன்னும் குறையலாம். அதே ஓடிடி ஸ்டிக்கில் பளிச்சென்று தெரியும். இதை மறைத்துப் பிசிக்கு வக்காலத்து வாங்கினால் அது பொய். ஸ்டிக் வாங்கினாலும் திரையும் மூளையும் பிரிந்துவிட்டதே, எனக்கு அதுவே சந்தோஷம்.

பிசி எங்கே ஜெயிக்கிறது? ஸ்டிக் ஓடிடிக்கு மட்டும் ஜன்னல், பிசி வீட்டுக்கே கம்ப்யூட்டர். தங்கச்சி என்பிடெல் வீடியோவைப் பெரிய திரையில் பார்த்துக்கொண்டே நோட்ஸ் எழுதலாம். கவுன்சலிங் சாய்ஸ் ஃபில்லிங்கைக் குடும்பமே உட்கார்ந்து பார்க்கலாம். அப்பா அம்மா கல்யாண கேசட்டை டிஜிட்டல் ஆக்கி, ஜெல்லிஃபின் சர்வரில் வைத்தால் வீட்டில் எந்தப் போனிலும் வரும். நாலு போன்களில் சிதறிக் கிடக்கும் குடும்பப் போட்டோக்கள் ஒரே இடத்தில் சேரும். திருட்டுப் படம் பார்க்க ஒரு பெட்டி என்று மட்டும் நினைத்து இதைச் செய்யாதீர்கள். அதற்கு இவ்வளவு பாடு தேவையில்லை.

கரண்ட் பில்? படம் ஓடும்போது 20 வாட் என்று வைத்துக்கொள்வோம். தினம் 4 மணி நேரம், 60 நாள். 4.8 யூனிட். இரண்டு மாத பில்லில் அவ்வளவுதான்.

டிவி நம்மைப் பார்ப்பது

இன்னொரு லாபமும் உண்டு. பல ஸ்மார்ட் டிவிகளில், திரையில் ஓடுவதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்து, நாம் என்ன பார்க்கிறோம் என்று கண்டுபிடிக்கும் தொழில்நுட்பம் இருக்கிறது. அமெரிக்காவில் விசியோ நிறுவனம் 1.1 கோடி டிவிகளில் முறையான அனுமதி இல்லாமல் இதைச் செய்ததாக எழுந்த வழக்கில், 2017-இல் 22 லட்சம் டாலர் கொடுத்து சமரசத்துக்கு வந்தது. எச்டிஎம்ஐ வழியாக வரும் படத்தையும் இந்த வகைத் தொழில்நுட்பத்தால் அடையாளம் காண முடியும். பிசி வந்த பிறகு டிவிக்கு இன்டர்நெட் எதற்கு? வைஃபை பாஸ்வேர்டை டிவியிலிருந்து அழித்துவிடுங்கள். பிரௌசரும் நம்மைக் கண்காணிக்கும்தான். ஆனால் அதை மாற்றவும், தடுக்கவும், கழற்றிப் போடவும் நம்மால் முடியும்.

நம்ம வேலை இது

விஎல்சி பிளேயர் தெரியாதவர் யார்? அது 1996-இல் பாரிஸில் எகோல் சென்ட்ரால் என்ற இன்ஜினியரிங் கல்லூரி மாணவர்களின் ப்ராஜெக்டாகத் தொடங்கியது. கேம்பஸ் நெட்வொர்க்கில் வீடியோ ஓட்டிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவர்கள் ஆசை. கோடியின் தொடக்கமும் அப்படித்தான். கேம் விளையாட விற்ற எக்ஸ்பாக்ஸில் படமும் பார்க்க வேண்டும் என்று நினைத்தவர்கள் 2002-இல் எழுதிய பிளேயர் அது. இரண்டையும் எழுதியவர்கள் "கம்பெனி கொடுத்தது இவ்வளவுதான்" என்று உட்காரவில்லை.

நமக்கு எட்டு செமஸ்டர் முடிகிறது. ஒரு மெஷினைத் திறந்து, ரேமைக் கழற்றி மாட்டி, தெர்மல் பேஸ்ட் தடவி, ஓஎஸ் போட்டவர்கள் வகுப்பில் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். ஃபைனல் இயர் ப்ராஜெக்டைக் காசு கொடுத்து வாங்கும் ஊரில், இது விலைக்கு வராத ப்ராஜெக்ட். வைவா கேட்க அம்மா இருக்கிறார், பாட்டி இருக்கிறார்.

அடுத்த செமஸ்டர் லீவில் வீட்டுக்குப் போனதும் டிவிக்குப் பின்னால் எட்டிப் பாருங்கள். எத்தனை எச்டிஎம்ஐ போர்ட் சும்மா இருக்கிறது என்று எண்ணுங்கள். ஒன்று இருந்தால் போதும், வேலையைத் தொடங்கிடலாம்.