சின்னப்பம்பட்டிப் பாடசாலை

பந்தாடக் கற்றுக்கொடுக்க ஒரு பள்ளிக்கூடமா என்று நம் பெரியவர்கள் நகைத்த காலம் மலையேறிவிட்டது. இப்பொழுது பையனுக்குப் பத்து வயது நிரம்புமுன்பே, "ஸார், எந்த அகாடமியில் சேர்க்கலாம்?" என்று கேட்டுக்கொண்டு பெற்றோர் நம்மிடம் வருகிறார்கள். கழுத்துச் சங்கிலியை அடகு வைத்தாவது சம்பளம் கட்டிவிடத் தயாராயிருக்கிறார்கள். எனவே, நல்ல அகாடமி என்பது யாது என்று சற்று ஆராய்வது நம் கடமையாகிறது.

சேலம் ஜில்லாவிலுள்ள சின்னப்பம்பட்டியைப் பாருங்கள். தறித் தொழிலாளி ஒருவரின் புதல்வர் நடராஜன். இருபது வயது வரையில் அவர் ஆடியதெல்லாம் டென்னிஸ் பந்துதான். அந்தப் பந்தை மட்டையாளனின் காலடியில் குறி பிசகாமல் இறக்காவிட்டால் அடி நிச்சயம். 'யார்க்கர்' என்னும் அஸ்திரத்தை அந்தப் பொட்டல் வெளியே அவருக்குக் கற்பித்தது. ஜெயபிரகாஷ் என்னும் உள்ளூர் அன்பர் அவரைக் கைப்பிடித்துச் சென்னைக்கு அழைத்துச் சென்றார். பிறகு பந்து வீசும் முறை சரியன்று என்ற புகார் எழுந்தது. கற்றதை மாற்றிக்கொண்டு மீண்டும் எழுந்தார். 2020 டிசம்பர் முதல் 2021 ஜனவரிக்குள், ஒரே ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் பாரத அணிக்காக முதன்முறையாக ஆடினார். அதற்கு முன் எந்த இந்தியரும் அவ்வாறு செய்ததில்லை.

ஆனால் நாம் வியப்பது அதைக் குறித்து அன்று. பேர் பெறுவதற்கு முன்பே, அந்த ஜெயபிரகாஷுடன் சேர்ந்து தம் கிராமத்திலேயே ஒரு பயிற்சிப் பள்ளியை அவர் தொடங்கிவிட்டார். அங்கே பழகிய பெரியசாமி 2019-இல் தமிழ்நாடு பிரீமியர் லீக் இறுதிப் பந்தயத்தில் ஐந்து விக்கெட்டுகளை வீழ்த்தினார். 2023-இல் கிராமத்து மைதானமும் திறக்கப்பட்டது. ஏறிய ஏணியை உதைத்துத் தள்ளாமல், அடுத்தவனுக்காகப் பிடித்துக்கொண்டு நிற்பவனே ஆசிரியன்!

இன்னொரு லக்ஷணமும் உண்டு. 1987-இல் சென்னையில் எம்.ஆர்.எப். வேகப்பந்துப் பள்ளி ஆரம்பமாயிற்று. பம்பாயிலிருந்து சச்சின் டெண்டுல்கர் என்ற பாலகன் வேகப்பந்து வீச்சாளனாகும் ஆசையுடன் அங்கே வந்தான். ஆஸ்திரேலிய ஆசான் டென்னிஸ் லில்லி, மட்டையில் கவனம் செலுத்தும்படி சொல்லி அனுப்பிவிட்டார். உள்ளதை உள்ளபடி சொல்லும் அகாடமியே உத்தமமானது. சம்பளம் வரும்வரை "உங்கள் பிள்ளை மகா மேதை" என்று சொல்லிக்கொண்டிருப்பது வியாபாரம்.

நம் கடற்கரைக்காரர்களுக்கு ஒரு விஷயத்தை விளக்க வேண்டியதில்லை. முத்துக்குளிப்புக்கு முன் பாரிலிருந்து சில சிப்பிகளை எடுத்துச் சோதிப்பார்கள். முதிரவில்லையென்றால் அவ்வருஷம் குளிப்பு இல்லை. பிஞ்சுச் சிப்பியை அள்ளினால் முத்தும் கிடைக்காது, பாரும் பாழாகும். பிள்ளைகளின் எலும்பும் அப்படித்தான். வளரும் பருவத்தில் அளவின்றி வேகப்பந்து வீசினால் முதுகெலும்பின் அடிப்பகுதியில் விரிசல் காண்கிறது. அதனாலேயே இங்கிலாந்து கிரிக்கெட் சங்கத்தார், சிறுவன் தொடர்ந்து இத்தனை ஓவர்களுக்கு மேல் வீசலாகாது என்று வயதுவாரியாக விதி வகுத்தார்கள். எண்ணிக்கை நோட்டு ஒன்று வைத்துக்கொள்ள அதிகச் செலவாகாது. நீங்கள் சேர்க்கப்போகும் இடத்தில் அந்த நோட்டு இருக்கிறதா என்று கேளுங்கள்.

2016-இல் தூத்துக்குடிப் பெயர் தாங்கிய அணி பிரீமியர் லீக் கோப்பையை வென்றபோது நாமும் மார்தட்டிக்கொண்டோம். பந்தயங்கள் நடந்ததோ சென்னையிலும் திண்டுக்கல்லிலும் திருநெல்வேலியிலும். பிறகு அந்த அணி சேலத்தின் பெயரைச் சூட்டிக்கொண்டு போய்விட்டது. பெயர் போகலாம், வரலாம். மைதானமும் மனிதரும் ஊரோடு தங்க வேண்டும். உப்பளத்துப் பிள்ளையும் வலைக்காரர் பிள்ளையும் காசில்லாமல் நுழையக்கூடிய ஒரு மைதானம், சிமெண்டுத் தளத்தின்மீது ஒரு பாய் விரிப்பு, மாலைதோறும் தவறாமல் வரும் ஓர் ஆசான் — இவை போதும் தொடங்குவதற்கு.

கடைசியாக ஒன்று. ஆயிரம் சிப்பியில் ஒன்றிரண்டில்தான் நல்ல முத்து. மற்றச் சிப்பிகளைக் கரையில் கொட்டி அழுகவிட்டது அந்தக் காலம். பிள்ளைகளை அப்படிக் கொட்டிவிட நமக்கு உரிமையில்லை. அணியில் இடம் கிடைக்காத தொள்ளாயிரத்துச் சொச்சம் பேரும் பரீட்சையில் தேறி, திடமான உடலோடும் தோல்வியைத் தாங்கும் நெஞ்சோடும் வெளியே வருகிறார்களா? ஓர் அகாடமி வெற்றி பெற்றதா என்பதை அவர்களைக் கொண்டே நாம் தீர்மானிக்க வேண்டும்.