பைண்ட்டைத் திருப்பிக் குடுங்க, மார்க்கை அப்புறம் போடுங்க

மக்களே, இது ஒரு பாவமன்னிப்புப் பதிவு. சிரிக்காம படிங்க.

நான் மொடாக்குடியன் இல்லை. ஒரு பைண்ட்டை, அதாவது 568 மில்லியை, ரெண்டு மணி நேரம் உருட்டுற ஆளு. ஆனா இங்கிலாந்துக்கு வந்ததுலேர்ந்து பழைய பப்பா தேடிப் போய் உட்கார்ந்து, வீட்டுக்கு வந்து பத்துக்கு இத்தனைன்னு மார்க் போட்டு எழுதுற வியாதி ஒட்டிக்கிச்சு. சில பேர் பாடல் பெற்ற தலம் ஒவ்வொண்ணா டிக் அடிக்கிற மாதிரி.

ரெண்டு வருஷம் முன்னாடி எங்க தெருமுனை பப்புக்கு பத்துக்கு மூணு போட்டேன். மர உத்திரம், கணப்பு, கணப்பு முன்னாடி தூங்குற கிழட்டு நாய்... எல்லாம் இருந்துச்சு. பீர்ல மட்டும் காடி வாடை. பாதியை அப்படியே வெச்சுட்டு எழுந்து வந்து, கிழிகிழின்னு கிழிச்சு எழுதினேன். தமிழ்ல எழுதினதோட விட்டிருந்தா அந்த ஊர்ல யாரு படிச்சிருக்கப் போறா? அதையே இங்கிலீஷ்லயும் ஒரு விமர்சனத் தளத்துல போட்டேன். நிறைய பேர் ரசிச்சாங்க. நானும் காலரைத் தூக்கி விட்டுக்கிட்டேன்.

ஆறு மாசத்துல பப்பை மூடிட்டாங்க. மூடுறதுக்கு முந்தின வாரம் போனப்போ ஓனரம்மா கேட்டாங்க, "அந்த மூணு மார்க் நீங்கதானே?" தலையாட்டினேன். "கிளாஸை கவுன்ட்டருக்கு எடுத்துட்டு வந்திருந்தா வேற ஊத்திக் குடுத்திருப்பேனே." அவ்வளவுதான். கோபம்கூட இல்லை. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

என் பதிவால ஒரு பப் மூடுற அளவுக்கு நான் பெரிய ஆள் இல்லைங்க. ஆனாலும் விஷயம் கொஞ்சம் இருக்கு.

கைப்பம்புல இழுத்து ஊத்துற ஏல் உயிருள்ள சரக்கு. பீப்பாய்க்குள்ள ஈஸ்ட் இன்னும் வேலை செஞ்சுக்கிட்டு இருக்கும். நிலவறையில 11லேர்ந்து 13 டிகிரியில வெச்சிருப்பாங்க. பீர் குறையக் குறைய உள்ளே காத்து போகும். திறந்தா சுமார் மூணு நாள்ல தீர்த்தாகணும், இல்லைன்னா நம்ம வீட்டு தோசை மாவு கதைதான். ஒரு சின்னப் பீப்பாய்னாலே 72 பைண்ட். செவ்வாய், புதன்ல எட்டு பேர் வர்ற பப்புல அது எப்படித் தீரும்? ஆள் வராததால பீர் புளிக்குது. பீர் புளிக்கிறதால ஆள் வரலை. இந்தச் சக்கரத்தை இன்னும் ஒரு சுத்து சுத்தி விட்டதுதான் என்னோட மூணு மார்க்.

மைக்ரோபப்புகள்ல பீர் ஏன் நல்லா இருக்குன்னு எனக்கு அப்போதான் உறைச்சது. லைசென்ஸ் கொடுக்கிற வேலையை மாஜிஸ்ட்ரேட்கிட்டேர்ந்து உள்ளூர் கவுன்சிலுக்கு மாத்தின சட்டம் 2005 நவம்பர்ல அமலுக்கு வந்துச்சு. அதே வருஷம் கென்ட்ல ஹெர்ன் கிராமத்துல மார்ட்டின் ஹில்லியர்ங்கிறவர் ஒரு பழைய கசாப்புக் கடையை பப்பாக்கினார். பேரே 'புட்சர்ஸ் ஆர்ம்ஸ்'. ஒரே ரூம், பாட்டு கிடையாது, சூதாட்ட மிஷின் கிடையாது, லாகர் கிடையாது. நாலஞ்சு பீப்பாய், கொஞ்சம் நாற்காலி, பேச்சு. அதைப் பார்த்து நாடு பூரா நூத்துக்கணக்குல முளைச்சது. அவங்க கையில மந்திரம் எதுவும் இல்லை. இடம் சின்னது, சரக்கு கம்மி, அதனால சீக்கிரம் தீருது. அவ்வளவே.

'அப்போ பழைய பப் எதுக்கு, செத்தா சாகட்டும்'னு சொல்ற மைக்ரோபப் பக்தர்கள் இருக்காங்க. இங்கேதான் எனக்கு ஒத்து வரலை. ஒரே ரூம்ல எல்லாரோடயும் பேசியே ஆகணும். பேசப் பிடிக்காத நாள்னு ஒண்ணு இருக்கே? பழைய பப்புல அதுக்குன்னு மூலை இருக்கு. கணப்போரம் தனியா உட்கார்ந்து பேப்பர் படிக்கிற தாத்தாவுக்கும், பின்பக்கத் தோட்டத்துல பிள்ளைகளை விட்டுட்டு சாப்பிடுற குடும்பத்துக்கும் ஒரே கூரை. மைக்ரோபப்கிட்ட பழைய பப் கத்துக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு. ஆறு கைப்பம்பு வேணாம், ரெண்டு போதும். ரெண்டும் நல்லா இருக்கட்டும்.

இப்போ நான் எனக்குப் போட்டுக்கிட்ட விதிகள்:

1. மூணு தடவை போகாம மார்க் கிடையாது. அதுல ஒண்ணு செவ்வாய்க்கிழமையா இருக்கணும்.

2. பீர் கெட்டிருந்தா முதல்ல கவுன்ட்டர்ல சொல்லணும். அவங்க என்ன செய்யறாங்கங்கிறதுக்குத்தான் மார்க்.

3. புதுசா உள்ளே வர்றவனை அந்த ரூம் எப்படிப் பார்க்குதுன்னு எழுதணும். பீரைப் பத்தி மட்டும் எழுதினா பாதி விமர்சனம்தான்.

மூணாவதுக்கு ஒரு காரணம் இருக்கு. பர்மிங்காம் பக்கத்துல ஸ்மெதிக் ஊர்ப் பப்புகள்ல ஒரு காலத்துல நம்ம நிறத்து ஆளுங்களை சில அறைகள்ல உட்கார விடமாட்டாங்க. 1965 பிப்ரவரியில மால்கம் எக்ஸே அங்கே நேர்ல போய்ப் பார்த்தார். அந்த வருஷம் வந்த சட்டம்தான் பொது இடங்கள்ல இந்தப் பாகுபாட்டைத் தடை பண்ணுச்சு. இன்னிக்கு அதே ஊர்ல பஞ்சாபிகள் நடத்துற பப்புல எல்லா நிறத்துக்காரங்களும் சேர்ந்து உட்கார்ந்து சுட்ட கோழி சாப்பிடுறாங்க. 'பப்ளிக்' ஹவுஸ்ங்கிற பேர்ல இருக்கிற முதல் வார்த்தை சும்மா வந்ததில்லை. யாரோ சண்டை போட்டு வாங்கிக் குடுத்தது.

போன மாசம் வேற ஒரு ஊர்ப் பப்புல ரெண்டாவது விதியைச் சோதிச்சேன். கிளாஸை எடுத்துட்டுப் போறப்போ கை லேசா நடுங்குச்சு, ஏதோ ஹெட்மாஸ்டர் ரூமுக்குப் போற மாதிரி. அந்தப் பையன் மோந்து பார்த்தான், "சாரி" சொன்னான், வேற ஊத்தினான். அந்தப் பம்புல மாட்டியிருந்த பேர் அட்டையைத் திருப்பி வெச்சான். அது இல்லைன்னு அர்த்தம். மொத்தம் பத்து செகண்ட் ஆயிருக்கும்.

எங்க தெருமுனையில இந்தப் பத்து செகண்டைத்தான் நான் செலவழிக்கலை.

பி.கு: ஓட்டல் விமர்சனம் எழுதுற நண்பர்களே, சாம்பார்ல உப்பு ஜாஸ்தின்னா முதல்ல சர்வர்கிட்ட சொல்லுங்க. பதிவு எங்கேயும் ஓடிப் போகாது. மத்ததைப் பின்னூட்டத்துல பேசுவோம்.