பதினேழா, எழுபதா?

ஆகஸ்ட் பிறந்தால் பத்திக்காரரின் கைப்பேசிக்குக் கார் ஏலக் காணொளிகள் வரத் தொடங்கிவிடும். அனுப்புகிறவன் அவருடைய அக்கா மகன். இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு அவனைத் தெரியும். மாமாவுக்கு மொபெட்டுக்கு மேல் எதுவும் ஓட்டத் தெரியாது என்பதும் தெரியும். இந்த வாரம் வந்தது ஒரு பழைய காணொளி. பத்திக்காரர் அதை ஒன்பது முறை பார்த்தார். பத்தாவது முறை போட்டபோது வீட்டம்மா கைப்பேசியை வாங்கிச் சமையலறை அலமாரியில் வைத்துவிட்டார்.

இடம், கலிபோர்னியாவின் மான்டெரே. நாள், 2019 ஆகஸ்ட் 17. ஆர்எம் சோத்பீஸ் நிறுவனத்தின் ஏல மேடையில் ஒரு குட்டிக் கார் நிற்கிறது. நாள்பட்ட சோப்புக்கட்டி போலத் தேய்ந்து வழவழத்த வெள்ளி நிற உடல். பெயர், போர்ஷே டைப் 64.

அதன் கதை பெரியது. 1939 செப்டம்பரில் பெர்லினிலிருந்து ரோமுக்கு ஒரு நெடுந்தூரப் பந்தயம் நடப்பதாக இருந்தது. அதற்காக ஃபெர்டினான்ட் போர்ஷேயின் பட்டறை, பிற்பாடு பீட்டில் என்று உலகம் அழைத்த வோக்ஸ்வாகனின் அடிச்சட்டத்தின் மேல் அலுமினிய உடல் பொருத்தி மூன்று கார்கள் கட்டியது. அந்தச் செப்டம்பரில் தொடங்கியதோ உலகப்போர். பந்தயம் நடக்கவே இல்லை. முதல் கார் போர்க்காலத்திலேயே நொறுங்கியது. இரண்டாவது அமெரிக்கச் சிப்பாய்கள் கையில் சிக்கியது. அவர்கள் கூரையை அறுத்தெறிந்துவிட்டு எஞ்சின் சாகும்வரை ஓட்டித் தீர்த்தார்கள். மிஞ்சிய மூன்றாவதை 1949இல் ஆஸ்திரியப் பந்தய வீரர் ஓட்டோ மாத்தே வாங்கினார். மோட்டார் சைக்கிள் விபத்தில் வலக்கை செயலிழந்தவர் அவர். அந்தக் காரை வைத்துப் பந்தயங்களிலும் ஓடினார். 1995இல் இறக்கும்வரை, 46 ஆண்டுகள், காரை விடவில்லை.

அந்த மூன்றாவது கார்தான் மேடையில் நிற்கிறது. 2 கோடி டாலருக்கு மேல் போகும் என்று பேச்சு. ஏலம் விடுபவர் வாயைத் திறக்கிறார். பின்னால் பெரிய திரையில் 30 மில்லியன் என்று விழுகிறது. கூட்டம் நிமிர்ந்து உட்காருகிறது. பிறகு 40, 50, 60. எல்லாக் கைகளிலும் கைப்பேசி. 70 மில்லியன் என்று திரை சொன்னபோது ஆரவாரம் கூரையைத் தொடுகிறது. முந்தைய ஆண்டு இதே மான்டெரேயில் ஒரு ஃபெராரி 250 ஜிடிஓ 48.4 மில்லியனுக்குப் போய் ஏலச் சாதனை படைத்திருந்தது. அதைத் தூக்கிச் சாப்பிடும் தொகை இது.

ஏலம் விடுபவர் கையமர்த்துகிறார். எழுபது இல்லை, பதினேழு என்கிறார்.

திரையில் இருந்த 70 சட்டென்று 17 ஆகிறது. முதலில் சிரிப்பு, அப்புறம் ஊளை, பிறகு நாற்காலிகள் நகரும் சத்தம். நடந்தது இவ்வளவுதான்: அவர் தேர்ட்டீன் என்று தொடங்கியது திரையை இயக்கியவர் காதில் தேர்ட்டியாக விழுந்திருக்கிறது. ஃபோர்ட்டீன் ஃபோர்ட்டியானது, செவன்டீன் செவன்டியானது. வேண்டுமென்று யாரும் செய்யவில்லை, அரங்கத்தின் பரபரப்பில் நேர்ந்த குழப்பம் என்று நிறுவனம் பிறகு விளக்கம் தந்தது. 17 மில்லியனுக்கு உரிமையாளரின் குறைந்தபட்ச விலை படியவில்லை. கேட்டவருக்குக் கார் கிடைக்கவில்லை. விற்க வந்தவருக்குப் பணம் கிடைக்கவில்லை.

அது போர்ஷேயா வோக்ஸ்வாகனா என்று ஒரு தகராறு உண்டு. 1948 ஜூன் 8இல் சாலை அனுமதி பெற்ற 356 வண்டிதான் தன் முதல் கார் என்பது போர்ஷே நிறுவனத்தின் கணக்கு. இந்த வாரம் அதை எழுதுவதாகத்தான் எண்ணம். ஆனால் பத்திக்காரரைத் தூங்கவிடாமல் செய்தது கார் அல்ல, அந்த ‘டீ’யும் ‘டீனும்’தான். எனவே காரை ஓரமாக நிறுத்திவிடலாம்.

ஆங்கிலத்தில் தேர்ட்டீன் என்பது மூன்றும் பத்தும். தேர்ட்டி என்பது மூன்று பத்து. ஒன்று கூட்டல், மற்றது பெருக்கல். ஆனால் இரண்டிலும் மூன்று முன்னால், பத்து பின்னால். காது கடைசி அசைவரை காத்திருக்க வேண்டும்; அந்த அசையோ பேச்சின் வேகத்தில் முதலில் தேய்வது. ஏலம் விட்டவரின் உச்சரிப்பைப் பலர் கேலி செய்தார்கள். அவர் நெதர்லாந்துக்காரர். டச்சிலும் இதே வம்புதான்: 17க்கு ஸேஃபன்டீன், 70க்கு ஸேஃபன்டிக். ஜெர்மன்காரர்களின் ஸீப்ட்ஸேனும் ஸீப்ட்ஸிகும் அதே குடும்பத்துப் பிள்ளைகள். அவர்கள் தொலைபேசியில் ட்ஸ்வை என்ற இரண்டும் ட்ரை என்ற மூன்றும் குழம்பாமலிருக்க, இரண்டை ட்ஸ்வோ என்று மாற்றிச் சொல்வார்கள். விமானிகளுக்கு இதில் உயிரே அடக்கம். நைன் என்றால் ஃபைவாகக் கேட்கலாம் என்று அவர்கள் நைனர் என்கிறார்கள். ஃபைவை ஃபைஃப் ஆக்கிவிட்டார்கள். பதினேழாயிரம் அடி உயரத்தை ‘ஒன் செவன் தௌசன்ட்’ என்று இலக்கம் இலக்கமாகப் பிரித்துச் சொல்வதுதான் வானத்து வழக்கம்.

தமிழில் என்ன செய்திருக்கிறார்கள் பாருங்கள். பத்து முன்னால் வந்தால் கூட்டல்: பதின்மூன்று, பதினேழு. பத்து பின்னால் வந்தால் பெருக்கல்: முப்பது, எழுபது. முதல் எழுத்து காதில் விழும்போதே கணக்கு தெரிந்துவிடும். மான்டெரேயில் ‘பதி’ என்ற மாத்திரத்தில் திரைக்காரர் 1 என்ற விசையைத் தட்டியிருப்பார்.

மில்லியனைப் பற்றி இந்தப் பத்தியில் மூன்று முறை புலம்பியாகிவிட்டது. நான்காவதையும் வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். 17 மில்லியன் நம் கணக்கில் ஒரு கோடியே எழுபது லட்சம். 70 மில்லியன் ஏழு கோடி. ஒன்றை மற்றொன்றாகக் கேட்கக் காது எவ்வளவு மந்தமாக இருக்க வேண்டும்! ஆனாலும் கோடி என்ற சொல் கையில் இருக்க, நம் செய்தியாளர்கள் மில்லியன் என்று எழுதிவிட்டு, வாசகரே பெருக்கிக்கொள்ளட்டும் என்று போய்விடுகிறார்கள். சிலர் தாமே பெருக்கி ஒரு சுழியத்தைத் தொலைக்கிறார்கள். எது கொடியது என்று பத்திக்காரரால் இன்னும் முடிவு செய்ய இயலவில்லை.

இவ்வளவு பெருமை பேசியபின் ஒன்பதை மறைத்தால் நேர்மையாகாது. எட்டுக்கு எண்பது, எண்ணூறு. ஒன்பதுக்கோ தொண்ணூறு, தொள்ளாயிரம். பத்தின் வரிசையில் நிற்பது நூறு என்கிறது, நூறின் வரிசையில் நிற்பது ஆயிரம் என்கிறது. எண் கற்கும் குழந்தைகள் இந்த இடத்தில் தடுக்கி விழாமல் போனதில்லை. ஒன்பதுக்குத் தொண்டு என்ற பழைய பெயரும் உண்டு. பரிபாடலின் மூன்றாம் பாடல் திருமாலைப் போற்றி எண்களை அடுக்கும்போது எட்டுக்குப் பின் தொண்டு என்கிறது. ஒன்பது எப்படித் தொண்ணூறாகிறது என்பதற்குத் தொல்காப்பியர் குற்றியலுகரப் புணரியலில் விதியே வகுத்திருக்கிறார். விதி எழுதும் அளவுக்கு அன்றைக்கே இது சிக்கலாக இருந்திருக்கிறது.

பேச்சுத் தமிழில் வேறொரு பள்ளம் இருக்கிறது. ஐம்பது அம்பதாகிவிட்டது, எண்பது எம்பதாகிவிட்டது. இரைச்சலில் இரண்டையும் பிரித்துக் கேட்பவர் கெட்டிக்காரர்.

பத்திக்காரர் கெட்டிக்காரர் அல்ல. போன மாதம் ஒரு பழைய புத்தகக் கடைக்காரர் தொலைபேசினார். பத்து வருடமாகப் பத்திக்காரர் தேடிய, அட்டை கிழிந்த ஒரு மோட்டார் மெக்கானிசக் கையேடு வந்திருக்கிறதாம். விலை கேட்டார். பின்னால் பஸ் ஹாரன். அம்பது என்று காதில் விழுந்தது. உடனே ஐம்பது ரூபாயைக் கைப்பேசி வழியே அனுப்பிவிட்டு நிம்மதியாக மதியத் தூக்கம் போட்டார்.

“சார், எம்பதுன்னுதானே சொன்னேன்?” என்றார் கடைக்காரர் மாலையில். “பாக்கி முப்பதுக்காக மூணு தடவை கூப்பிட்டேன், நீங்க எடுக்கல. இங்க நின்ன ஒருத்தர் எம்பதைக் கொடுத்துட்டு எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு.”

ஐம்பது ரூபாய் மறுநாளே திரும்பி வந்துவிட்டது.