ஒரு பக்கத்தை மட்டும் கட்டும் சத்தியம்

ரொபேர்ட் ஜோர்டன் எழுதி 1990இல் முதற்பாகம் வெளிவந்து, அவர் மறைவுக்குப் பின் பிரண்டன் சாண்டர்சன் 2013இல் பதினான்காம் பாகத்தோடு முடித்துவைத்த ‘த வீல் ஒஃப் டைம்’ தொடரில் மனிதரைக் கட்டும் மந்திரக் கருவிகள் இரண்டு முக்கியமானவை. ஒன்று கழுத்துப்பட்டை. அதை அணிந்தவளின் வலியும் வல்லமையும் மறுமுனையைப் பிடித்திருப்பவளின் கையில். இது அடிமைத்தனம் என்பதில் எந்த வாசகருக்கும் ஐயமில்லை. மற்றது சத்தியக் கோல். ஏஸ் செடாய் என்னும் மந்திரப் பெண்கள் அதைப் பிடித்து மூன்று சத்தியம் செய்கிறார்கள். முதலாவது, பொய்யான ஒரு சொல்லும் பேசுவதில்லை என்பது. செய்த பிறகு மீற நினைத்தாலும் நா எழாது. இருந்தும் பொய்யே பேச முடியாத அந்தப் பெண்களை அந்த உலகத்து மக்கள் நம்புவதில்லை. பொய் சொல்லாமலே ஏமாற்றும் வித்தையில் அவர்கள் தேர்ந்தவர்கள் என்பது ஊரறிந்த விஷயம். மீற முடிந்தவர் மீறாதிருக்கும்போது, கேட்பவரும் பதிலுக்கு எதற்கோ கட்டுப்பட்டிருக்கும்போது, சத்தியத்தில் நம்பிக்கை பிறக்கிறது. அந்த இரண்டும் இல்லாவிட்டால் கோலும் பட்டையும் ஒன்றுதான். கதைக்கு வெளியே, இலங்கையின் தம்புள்ளையையும் அதன் சுற்றுப்புறத்தையும் கடந்துபோன வரலாறு இதைத் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கிறது.

தம்புள்ளையிலிருந்து கிழக்கே பொலன்னறுவையில், தலதா மளுவ வளாகத்தில் வேளைக்காரர் பொறித்த தமிழ்க் கல்வெட்டு நிற்கிறது. அரசனுக்காக உயிர்விடவும் துணிந்து உறுதிபூண்ட படையினர் வேளைக்காரர். முதலாம் விஜயபாகு சோழருக்கு எதிராகப் புறப்படச் சொன்னபோது அந்தப் படை மறுத்து எழுந்தது, தளபதிகளைக் கொன்றது, அரண்மனையைக் கொளுத்தியது. அரசன் கிளர்ச்சியை அடக்கி, கொல்லப்பட்ட தளபதிகளின் சிதையிலேயே தலைவர்களை எரித்தான் என்கிறது சூளவம்சம். உயிரையே பணயம் வைத்த உறுதி முறிந்த கதை இது. ஆனால் அந்த அரசன் 1110இல் இறந்தபின் நடந்ததுதான் வியப்பு. தந்ததாது ஆலயத்தைக் காக்கும்படி முகலன் என்னும் மூத்த தேரர் கேட்டது இதே வேளைக்காரரைத்தான். வலங்கை, இடங்கை உள்ளிட்ட எல்லாப் பிரிவினரும் கூடினார்கள். ஆலயத்துக்குத் தங்கள் பெயரையே சூட்டினார்கள். அதைக் காப்போம் என்று கல்லில் வெட்டி, மீறுபவன் தங்கள் படைக்கே துரோகி, நரகம் புகுவான் என்று தங்கள்மீதே சாபமும் இட்டுக்கொண்டார்கள். சிதை நெருப்பின் அச்சத்தை விட்டு, அவர்களை ஆளாக மதித்துக் கேட்ட வேண்டுகோளை நம்பியிருக்கிறார் அந்தத் தேரர். பிற்காலத்தில் கொட்டியாரத்தில் வேளைக்காரர் மறுபடியும் அரசனை எதிர்த்து எழுந்ததுண்டு. மீற முடியாதவர்களாக அவர்கள் ஒருபோதும் இருந்ததில்லை. அதனாலேயே அந்தக் கல்லுக்கு மதிப்பு.

அடுத்த சான்று தம்புள்ளை விகாரையிலேயே இருக்கிறது. 1815 மார்ச் 2இல் கைச்சாத்தான கண்டி ஒப்பந்தத்தின் 5ஆம் பிரிவில், பௌத்த மதத்தையும் அதன் சடங்குகளையும் வழிபாட்டிடங்களையும் காப்பதாகப் பிரித்தானிய முடி வாக்களித்தது. அந்த வாக்கை நம்பிப் பிரதானிகள் தங்கள் விசுவாசத்தை மாற்றினார்கள். 1840களில் மிஷனரிகளின் நெருக்குதலால் அரசாங்கம் அந்தப் பொறுப்பிலிருந்து மெல்ல விலகியது. 1848இல் துப்பாக்கிக்கும் நாய்க்கும் கடைக்கும் வரி வந்தது. வீதி அமைக்கக் கட்டாய உழைப்பும் வந்தது. அவ்வாண்டு ஜூலை 26இல் தம்புள்ளை விகாரையில் கொங்காலேகொட பண்டா அரசனாக முடிசூட்டப்பட்டார். இராணுவச் சட்டம் பிரகடனமாயிற்று. ஓகஸ்ட் 8இல் கிளர்ச்சித் தலைவர் புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டார். பண்டா கசையடி பட்டு மலாக்காவுக்கு நாடுகடத்தப்பட்டார். வழக்கேடுகள் இந்தக் கிளர்ச்சியை இராசத் துரோகம் என்றன. ஆனால் முதலில் மீறப்பட்டது ஆண்டவர்கள் கொடுத்த வாக்கு. அதை மீறுவோருக்கு எந்தத் தண்டனையும் எழுதப்பட்டிருக்கவில்லை. குடிகளின் விசுவாசத்துக்கு மட்டும் துப்பாக்கிப் படை காவல் நின்றது.

மூன்றாவது சான்று நம் தலைமுறையினுடையது. 1983 ஜூலை வன்செயல்களில் தமிழர் வீடிழந்து முகாம்களில் கிடந்தபோது, ஓகஸ்ட் தொடக்கத்தில் பாராளுமன்றம் அரசியலமைப்பின் ஆறாவது திருத்தத்தை நிறைவேற்றியது. இலங்கைக்குள் தனியரசு அமைவதை ஆதரிப்பதில்லை என்று ஒவ்வொரு உறுப்பினரும் சத்தியம் செய்ய வேண்டும். 1977இல் 18 ஆசனங்களை வென்று பிரதான எதிர்க்கட்சியான தமிழர் விடுதலைக் கூட்டணியினர் அந்தச் சத்தியத்தைச் செய்யவில்லை, ஆசனங்களை இழந்தார்கள். பேச்சுவார்த்தையால் தீர்வு தேடியவர்கள் பேசவேண்டிய சபையிலிருந்து வெளியேறியதும், களம் ஆயுதம் ஏந்தியவர்களுக்குத் திறந்துகிடந்தது. பாதுகாக்கத் தவறிய அரசு, பாதுகாப்பிழந்தவர்களிடம் விசுவாசம் கேட்டது. எரிந்த வீடுகளுக்குப் பதிலாக அது எந்தச் சத்தியத்தையும் செய்யவில்லை. அந்தத் திருத்தம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. சமஷ்டி கேட்பது பிரிவினை ஆகாது என்று சொல்ல உயர் நீதிமன்றத்தின் 2017ஆம் ஆண்டுத் தீர்ப்பு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சத்தியமே இல்லாமல் ஒரு நாடு நடக்குமா என்று கேட்கலாம். நீதிபதியும் ஜனாதிபதியும் பதவிப்பிரமாணம் செய்யத்தானே வேண்டும்? வேண்டும். அவர்கள் விரும்பிப் பெறும் அதிகாரத்துக்கு அது கடிவாளம். பலமுள்ளவரைப் பலமற்றவர் முன்னிலையில் கட்டுகிறது. ஆறாவது திருத்தம் அதையே தலைகீழாகச் செய்கிறது. எந்த நாடும் தன் எல்லையைக் காக்கத்தானே செய்யும் என்பது அடுத்த வாதம். காக்கட்டும், குற்றச்செயலுக்குச் சட்டம் ஏற்கெனவே உண்டு. எண்ணத்துக்குப் பூட்டுப் போட்டால் எண்ணம் இடம் மாறும், அழியாது. இன்னொரு வாதம், கட்டாயம் பலன் தரும் என்பது. மன்னாரில் இறங்கித் தம்புள்ளை வழியே மாத்தளைக்கு நடந்துபோன தோட்டத் தொழிலாளரைக் கங்காணியின் முற்பணக் கடனும் ‘துண்டு’ என்னும் கடன்சீட்டும் கட்டிவைத்தன. கடனைத் தீர்க்காமல் தோட்டம் மாற முடியாது. 1921இல் துண்டு முறை ஒழியும்வரை வேலை நடந்தது உண்மை. இரவோடிரவாக ஓடியவர்களும் இருந்தார்கள் என்பதும் உண்மை. கட்டாயம் உழைப்பைத் தந்தது, ஒப்புதலைத் தரவில்லை.

தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தில் தெற்கு வியாபாரியும் வடக்கு விவசாயியும் கடனுக்கும் வாய்ச்சொல்லுக்கும் சரக்கு மாற்றிக்கொள்கிறார்கள். மீற இருவராலும் முடியும். மீறினால் இருவருக்குமே நட்டம். அதனால்தான் சொல் நிற்கிறது. அரசுக்கும் தமிழருக்கும் இடையிலும் இதே நியதிதான் வேண்டும். தமிழும் அரசகரும மொழி என்றும், மாகாண சபைகள் அமையும் என்றும் 13ஆவது திருத்தம் 1987இல் வாக்குக் கொடுத்தது. 2014இல் ஊவாவில் நடந்ததோடு மாகாண சபைத் தேர்தல்கள் நின்றுபோயின. தேர்தலைத் தள்ளிப்போடும் அமைச்சருக்குப் பதவி போவதில்லை. சத்தியம் செய்ய மறுக்கும் உறுப்பினருக்குப் போகிறது. புதிய அரசியலமைப்பு பற்றிப் பேசுவோர் முதலில் இந்தக் கணக்கைச் சரிசெய்யட்டும். குடிமக்களிடம் எதையெல்லாம் சத்தியமாகக் கேட்கிறோமோ, அதற்கு ஈடாக அரசு செய்யும் சத்தியத்தையும் அதே பக்கத்தில் எழுத வேண்டும். மீறினால் அரசு எதை இழக்கும் என்பதையும் எழுத வேண்டும். அப்படி எழுதிய சத்தியத்தை யாரும் யாரையும் வற்புறுத்திச் செய்விக்க வேண்டியிராது.