நிலத்தடி நீரும் கோப்புகளின் ஞாபகமும்

களுதாவளையின் வெற்றிலைக்கும் மிளகாய்க்கும் கிழக்கின் சந்தைகளில் தனி மதிப்புண்டு. கடலுக்கும் மட்டக்களப்பு வாவிக்கும் இடையே நீண்டு கிடக்கும் மணற்றரையில், கிணற்று நீரை நம்பி இப்பயிர்களை வளர்த்தெடுத்தவர்கள் அவ்வூர் விவசாயிகள். ஆனால் மணல் எதையும் தன்னிடம் தேக்கி வைப்பதில்லை. இடப்படும் யூரியாவில் பயிர் உறிஞ்சியது போக எஞ்சியதில் பெரும்பகுதி நைத்திரேற்றாகி, மாரி மழையுடன் கீழிறங்கி நிலத்தடி நீரைச் சென்றடைகின்றது. காத்தான்குடியும் மருதமுனையும் களுவாஞ்சிகுடியும் இத்தகைய மணலின் மீதே அமைந்துள்ளன. தமிழர் கிணறு, முஸ்லிம் கிணறு என்ற பேதம் நைத்திரேற்றுக்குத் தெரியாது.

இலங்கையில் உரமானியம் 1962இல் ஆரம்பமானது. 2005இன் பின்னர் நெற்செய்கைக்கு 50 கிலோ மூடை 350 ரூபாவுக்கு வழங்கப்பட்டது. விளைச்சல் பெருகியதை மறுப்பதற்கில்லை. அந்த நன்மை ஒரே போகத்தில் கண்ணுக்குத் தெரிந்தது. கேடோ கிணற்றில் தெரியவரப் பல ஆண்டுகள் பிடிக்கும். யாழ்ப்பாணத்துக் கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்துள்ளதை ஆய்வாளர்கள் 1980களிலேயே சுட்டிக்காட்டினர். நமது தரையை ஒத்த மணற்பாங்கான கற்பிட்டியிலும் இதே நிலை பின்னர் அறியப்பட்டது. லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் வரையறை. அதனை மீறிய நீரில் பால்மா கரைத்து ஊட்டப்படும் கைக்குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழக்கக்கூடும்.

இவ்வளவு தெரிந்திருந்தும் நிர்வாகம் ஏன் பாடம் கற்கவில்லை? உரத்தைப் பகிர்ந்தளிப்பது ஒரு திணைக்களம். குடிநீருக்குப் பொறுப்பு நீர்வழங்கல் சபை. நோயாளியைப் பார்ப்பது வைத்தியசாலை. உரத்துக்குக் கையொப்பமிட்டவரின் மேசைக்கு அதன் விளைவு ஒருபோதும் வந்து சேர்வதில்லை. அது வெளிப்படும் வேளையில் அவர் இடமாற்றம் பெற்றிருப்பார், அல்லது ஓய்வூதியம் பெறுவார். அதிகாரிக்கு மாலை அணிவித்து வழியனுப்புகின்றோம். அலுவலகத்தின் ஞாபகமும் அவருடனேயே பஸ் ஏறிவிடுகின்றது.

2021ஆம் ஆண்டு இதற்கு விசித்திரமான சான்று. அவ்வாண்டு மே மாதம் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. விளைச்சல் சரிந்தது, விவசாயிகள் வீதிக்கு இறங்கினர், நவம்பரில் தடை நீக்கப்பட்டது. அறுபது ஆண்டுகளில் கற்காததை அரசாங்கம் ஆறு மாதங்களில் கற்றுக்கொண்டதாகத் தோன்றலாம். உண்மையில் கற்றது வேறு. உரத்தில் கைவைத்தால் ஆட்சிக்கு ஆபத்து என்பதே அது. விரைந்து வந்த தண்டனை, மெதுவாக வந்துகொண்டிருந்த எச்சரிக்கையை மூடி மறைத்துவிட்டது. இன்று உரக்குறைப்பைப் பற்றி நியாயமாகப் பேசுபவரும் அந்தத் தடையின் ஆதரவாளராகவே பார்க்கப்படுகின்றார்.

சுன்னாகத்தில் கிணற்று நீரில் எண்ணெய் மிதந்தது; மக்கள் கண்டனர், மணத்தனர், வழக்குத் தொடரப்பட்டது. 2019இல் உயர் நீதிமன்றம் மின்னுற்பத்தி நிறுவனத்தை 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்தப் பணித்தது. நைத்திரேற்றுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. கூண்டில் நிறுத்த ஒரு பிரதிவாதியும் இல்லை.

பழியை விவசாயியின் தலையில் சுமத்துவது அநீதியாகும். மானியத்தைக் காட்டி உரத்தை இடச் சொன்னதும் அரசே. நாம் கோருவது பெரும் செலவுள்ள திட்டமன்று. தெரிவு செய்யப்பட்ட அதே கிணறுகளை ஆண்டுதோறும் பெரும்போகத்துக்கு முன்னரும் பின்னரும் பரிசோதித்து, அளவீடுகளைப் பிரதேச செயலகத்தில் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். அப்பதிவேடு அதிகாரிக்கன்றி ஊருக்குச் சொந்தமாக இருத்தல் வேண்டும். உரத்தைச் சிறுகச் சிறுகப் பிரித்திடும் முறைக்கும் சேதனப் பசளைக்கும் கமநல சேவை நிலையங்கள் ஊடாக உதவி கிடைக்க வேண்டும்.

இதில் தாமதிக்கலாகாது என்பதற்கு மற்றொரு காரணமும் உண்டு. உன்னிச்சைக் குளத்து நீர் மாவட்டத்தின் பல பகுதிகளுக்குக் குழாய் வழியே செல்கின்றது, அது வரவேற்கத்தக்கதே. எனினும் குழாய் வந்த வீட்டில் கிணறு தோட்டத்துக்கு மட்டுமே என்றாகிவிட்டால், அதனுள் என்ன இருக்கின்றது என்று கேட்பார் எவரும் இருக்கமாட்டார்.